பிஎச் வளைவு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அமில-கார டைட்ரேஷன் (அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு பிஎச் அளப்பது) செய்து அளவுகளைப் புள்ளி வைத்து இணைத்தால் எஸ் வடிவில் ஒரு வளைவு வர வேண்டும். வராதபோது பலரும் உடனே செய்வது, சோதனையை அப்படியே இன்னொரு முறை செய்து பார்ப்பதுதான். மறுபடியும் அதே கோணல் வளைவு வரும். நேரமும் கரைசலும் போனதுதான் மிச்சம். இப்படிப்பட்ட வரைபடங்களைத் தொடர்ந்து சரிசெய்து வந்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு: வளைவு எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

வளைவு மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தால் எலக்ட்ரோடையும் மீட்டரையும் சந்தேகப்படுங்கள். இடமோ வலமோ தள்ளியிருந்தால் பியூரெட் (காரத்தை விடும் அளவுக்குழாய்), பிப்பெட் (அமிலத்தை அளந்தெடுக்கும் குழாய்), கரைசலின் செறிவு. இருக்க வேண்டிய இடத்தில் இருந்து, வடிவம் மட்டும் மாறியிருந்தால் பீக்கருக்குள் இருக்கும் வேதிப்பொருளைப் பாருங்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல வளைவின் எண்கள் கையில் இருக்கட்டும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி.; பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. கணக்குப்படி தொடக்க பிஎச் 1.00. 12.5 மி.லி. விட்டதும் 1.48, 20 மி.லி.யில் 1.95, 24 மி.லி.யில் 2.69. அதுவரை ஆமை வேகம்தான். 24.95-இல் 4.0, 25.05-இல் 10.0. இரண்டே சொட்டில் ஆறு அலகு தாண்டிவிடுகிறது. இதுதான் பாய்ச்சல்; அதன் நடுவே அமிலமும் காரமும் சரிசமமாகும் இடம், இங்கே 25.00 மி.லி., சமானப் புள்ளி. அப்புறம் 50 மி.லி. வரை விட்டால் 12.5 அருகில் போய் நிற்கும். இந்த எண்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

அறிகுறி 1: மீட்டரில் எண் நிற்காமல் ஆடுகிறது

முதலில் பொறுமையைச் சோதியுங்கள், கருவியை அல்ல. சமானப் புள்ளிக்கு அருகில் ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு 15 முதல் 30 வினாடி காத்திருக்க வேண்டும். அங்கே பிஎச் மாறாமல் தாங்கும் சக்தி கரைசலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. கலந்து முடியும் வரை எண் ஆடத்தான் செய்யும்.

காத்திருந்தும் ஆடினால் இந்த வரிசையில் பாருங்கள். காந்தக் கலக்கி சுழல்கிறதா? எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழ் முழுவதும், அதற்குச் சற்று மேலே இருக்கும் சந்தியும் (எலக்ட்ரோடின் உள்கரைசல் கசியும் இடம்) கரைசலுக்குள் மூழ்கியிருக்கின்றனவா? 250 மி.லி. பீக்கரில் 25 மி.லி. கரைசலை வைத்தால் சந்தி வெளியே நின்றுவிடும். சிறிய பீக்கருக்கு மாறுங்கள், அல்லது காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மட்டத்தை உயர்த்துங்கள். நீர் சேர்ப்பதால் சமானப் புள்ளியின் கன அளவு மாறாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவற்றில் தொடக்க பிஎச் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.

அடுத்து, நிரப்பும் வகை எலக்ட்ரோடு என்றால் மேலே உள்ள துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியே இருந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சந்தி வழியாகக் கசிய முடியாது. எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். குமிழுக்குள் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால், வெப்பமானியை உதறுவதுபோல் மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு உதறு உதறினால் போய்விடும். குமிழைத் துணியால் அழுத்தித் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தேய்த்தால் நிலைமின்னேற்றம் ஏறும், எண் அலையும். கழுவிவிட்டு மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும்.

இவ்வளவு பார்த்தும் அடங்கவில்லை என்றால் கேபிளும் அதன் இணைப்பும். இணைப்பில் ஈரம் ஏறியிருந்தாலே எண் தாறுமாறாகத் துள்ளும்.

அறிகுறி 2: வளைவு முழுவதும் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கிறது

ஒரு சின்ன எச்சரிக்கை. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மீட்டர் 1.00 காட்டாமல் 1.1 என்று காட்டினால் அது கோளாறு இல்லை. எலக்ட்ரோடு அளப்பது செறிவை அல்ல, அயனியின் செயல்திறனை. அந்தச் செறிவில் 1.1 தான் சரியான விடை. ஆனால் 1.6 காட்டினால், அது கோளாறு.

*எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தள்ளியிருந்தால்:* சீரமைப்பு பழையது. 7.00 பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) தொடங்கி மறுபடி சீரமைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

*ஒரு முனை சரியாகவும் மறுமுனை தவறாகவும் இருந்தால்:* சரிவு, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு எலக்ட்ரோடு தரும் மில்லிவோல்ட், குறைந்துவிட்டது. மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். 7.00 பஃபரில் எண் பூஜ்யத்துக்கு அருகில், 30 மில்லிவோல்ட் கூடக் குறைய இருக்கலாம். பிறகு 4.00 பஃபர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 177 மில்லிவோல்ட் வர வேண்டும். 168-க்கு மேல் வந்தால் நிம்மதியாக வேலையைத் தொடரலாம். 160-க்கும் கீழே போனால் அந்த எலக்ட்ரோடை இப்போதைய நிலையில் நம்ப வேண்டாம்.

ஆனால் எலக்ட்ரோடைக் குறை சொல்வதற்கு முன் பஃபரைப் பாருங்கள். 10.00 பஃபர் திறந்த பாத்திரத்தில் இருந்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு பிஎச் இறங்கிவிடும். காலையில் ஊற்றி வைத்த பஃபரை மாலையில் பயன்படுத்துவது, பயன்படுத்தியதைத் திரும்பப் புட்டியிலேயே ஊற்றுவது, இரண்டும் சீரமைப்பையே கெடுக்கும்.

பஃபர் புதிதாக இருந்தும் சரிவு குறைவாக வந்தால் சுத்தம் செய்யுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 முதல் 30 நிமிடம் ஊற வைத்து, கழுவி, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் சில மணி நேரம். உலர்ந்துபோன எலக்ட்ரோடு என்றால் இரவு முழுவதும். காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கவே கூடாது. அயனிகள் வெளியேறி எலக்ட்ரோடின் ஆயுள் குறையும். ஊற வைத்தும் 160-ஐத் தாண்டவில்லையா? அது முடிந்த கதை. புது எலக்ட்ரோடு வாங்குங்கள். அதைப் பழுதுபார்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

பிஎச் 12-க்கு மேல் மட்டும் எண் குறைவாகத் தெரிந்தால் அது சோடியம் அயனியின் வேலை. சாதாரணக் கண்ணாடி, ஹைட்ரஜன் அயனி மிகக் குறைவாக உள்ள இடத்தில் சோடியத்தையும் சேர்த்து உணர்கிறது. சமானப் புள்ளி அங்கே இல்லாததால், கவலையின்றி விட்டுவிடலாம்.

அறிகுறி 3: வடிவம் அழகாக இருக்கிறது, ஆனால் பாய்ச்சல் வேறு இடத்தில் வருகிறது

25.0-இல் வர வேண்டியது 26.3-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிஎச் மீட்டரைத் தொடவே வேண்டாம். பாய்ச்சல் எந்த மில்லிலிட்டரில் நிகழ்கிறது என்பதில் மீட்டருக்குப் பங்கில்லை. மோசமாகச் சீரமைத்த மீட்டர்கூட அந்த இடத்தைச் சரியாகவே காட்டும்.

மூன்று முறை செய்து பாருங்கள். மூன்றும் 26.3 என்றே வந்தால் செறிவில் தவறு. 25.4, 26.3, 25.8 என்று சிதறினால் கைப்பழக்கத்தில் தவறு. இந்த ஒரு பிரிவு பாதி வேலையை முடித்துவிடும்.

*சிதறுகிறது, வலப்பக்கம் போகிறது:* பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இருந்து பாதியில் வெளியேறினால், அந்தக் குமிழியின் கன அளவும் காரமாகக் கணக்கில் ஏறிவிடும். அடைப்பான் கசிந்தாலும் வலப்பக்கம்தான். நுனியில் தொங்கும் சொட்டை உள்ளே சேர்க்காவிட்டாலும், பீக்கரின் சுவரில் பட்ட சொட்டைக் கழுவி இறக்காவிட்டாலும் அதேதான். அமிலம் எடுத்த பிப்பெட்டின் கடைசித் துளியை ஒருமுறை ஊதிவிட்டு இன்னொருமுறை ஊதாமல் விட்டால் சிதறல் உறுதி. ஊதக் கூடாத வகைப் பிப்பெட்டில் நுனித் துளி அங்கேயே இருக்க வேண்டும்.

*சிதறுகிறது, இடப்பக்கம் போகிறது:* பியூரெட்டின் தலையில் புனலை மறந்துவிட்டீர்களா? அதிலிருந்து சொட்டும் காரம் மட்டத்தை உயர்த்திக்கொண்டே இருக்கும். உண்மையில் போன அளவைவிடக் குறைவாக வாசிப்பீர்கள். பிப்பெட் நீரால் ஈரமாக இருந்தாலும் இடப்பக்கம்தான், அமிலம் நீர்த்துப் போவதால்.

எதை எதால் அலச வேண்டும் என்பதில்தான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். பியூரெட்டைக் கடைசியாக அதில் நிரப்பப் போகும் காரத்தாலும், பிப்பெட்டை எடுக்கப் போகும் அமிலத்தாலும் அலச வேண்டும். பீக்கரை அல்லது கூம்புக்குடுவையை வெறும் நீரால் மட்டும். குடுவையை அமிலத்தால் அலசினால், சுவரில் ஒட்டிய அமிலமும் சேர்ந்து வளைவை வலப்பக்கம் தள்ளும். குடுவை நீரால் ஈரமாக இருப்பதில் தவறே இல்லை.

*சிதறவில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளிப் போகிறது:* சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவு லேபிளில் எழுதியபடி இல்லை. இதில் வியப்பில்லை. அந்தப் பொருள் எடை போடும்போதே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எடை பார்த்துத் தயாரித்த கரைசலை அப்படியே நம்பக் கூடாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை உலர்த்தி, குளிரவைத்து, 0.5106 கிராம் எடுத்து நீரில் கரைத்தால், சரியான 0.1 மோலார் காரம் 25.00 மி.லி. செலவாகும். எவ்வளவு செலவாகிறதோ அதிலிருந்து உண்மையான செறிவு கிடைக்கும். கூடவே, அமிலத்தின் செறிவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாலேட்டால் சரிபார்த்த பிறகும் தொடர்ந்து ஒரே அளவு தள்ளினால், பியூரெட்டின் கோடுகளையே சோதிக்க வேண்டும்: 10 மி.லி. நீரை வடித்து எடை போட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் 9.97 கிராமுக்கு அருகில் வர வேண்டும். எடைத்தராசின் மீதே சந்தேகம் வந்தால் தரச்சான்று தரும் ஆளைக் கூப்பிடும் நேரம் அதுதான்.

அறிகுறி 4: பாய்ச்சல் செங்குத்தாக இல்லை, சாய்ந்து கிடக்கிறது

*புள்ளிகள் போதுமா?* தொடக்கத்திலிருந்து கடைசி வரை 1 மி.லி. வீதம் விட்டிருந்தால், 24-க்கும் 26-க்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். வளைவு சாய்ந்துதான் தெரியும். பாய்ச்சலுக்கு 1 மி.லி. முன்பிருந்து 1 மி.லி. பின்பு வரை 0.1 அல்லது 0.05 வீதம் விடுங்கள். இடம் தெரியாவிட்டால் முதலில் வேகமாக ஒரு முன்னோட்டம் ஓட்டி இடத்தைப் பிடியுங்கள். எக்செலில் புள்ளிகளை வழவழப்பான கோட்டால் இணைக்கும் வசதி, பாய்ச்சலின் இரு முனையிலும் இல்லாத ஒரு வளைவைத் தானாகப் போட்டுவிடும். நேர்கோட்டால் இணையுங்கள்.

*கரைசல் நீர்த்ததா?* மேலே சொன்ன அதே அமிலமும் காரமும் 0.001 மோலாராக இருந்தால், அதே இரண்டு சொட்டில் பிஎச் 6-லிருந்து 8 வரை மட்டுமே போகும். 4 முதல் 10 வரை தாவியது, இப்போது இரண்டே அலகு. செறிவைக் கூட்டுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

*அமிலம் வலிமை குறைந்ததா?* 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் தொடக்கம் 2.88. முதல் சில மில்லிலிட்டரில் பிஎச் சட்டென்று ஏறி, அப்புறம் படுத்துக்கொள்ளும். இந்த முதல் ஏற்றத்தைக் கோளாறு என்று எண்ணி நிறையப் பேர் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். இது இந்த அமிலத்தின் இயல்பு. 24.95-இல் ஏற்கெனவே 7.5, சமானப் புள்ளி 8.73, 25.05-இல் 10.0. பாய்ச்சல் குட்டையாக, மேல்பக்கமாகத் தெரியும். சமானப் புள்ளி 7-இல் வரவில்லையே என்று வருந்த வேண்டாம், வரவே வராது. ஆனால் செலவாகும் காரம் அதே 25 மி.லி.தான். வலிமை குறைந்தது என்பதற்காகக் காரம் குறைவாகச் செலவாகாது.

*இரண்டுமே வலிமை குறைந்தவையா?* அசிட்டிக் அமிலத்தை அம்மோனியாவால் டைட்ரேட் செய்தால் செங்குத்தான பகுதியே கிடைக்காது. பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் எந்த நிறங்காட்டியும் உதவாது. ஒன்றை வலிமையானதாக மாற்றிக்கொள்ளுங்கள். போரிக் அமிலம் வேறு கதை: அதன் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்; கூடினால் வலிமை குறைவு) 9.24, பாய்ச்சல் மங்கிக் கிடக்கும். மானிட்டால் சேர்த்தால் அது வலிமை கூடிய அமிலமாக நடந்துகொள்ளும், பாய்ச்சல் தெளிவாகும்.

இவை எதுவும் இல்லையென்றால், மந்தமான எலக்ட்ரோடு. 4.00 பஃபரிலிருந்து 7.00-க்கு மாற்றி, எண் நிலைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் ஊர்ந்துகொண்டிருந்தால், அறிகுறி 2-இல் சொன்ன சுத்தம்.

அறிகுறி 5: வளைவின் நடுவே ஒரு தோள், அல்லது எதிர்பாராத இரண்டாவது படி

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரே பாய்ச்சல்தான். அதன் நடுவே 6-க்கும் 7-க்கும் இடையில் ஒரு சிறு மேடு தெரிந்தால், பத்தில் ஒன்பது முறை காரணம் கார்பன் டைஆக்சைடு. இந்த ஒரு கோளாறு ஆய்வகங்களில் தின்றிருக்கும் நேரத்தை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதைத் தடுப்பது அவ்வளவு எளிது.

காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை விழுங்கிக் கார்பனேட்டாகிறது. அந்தக் கார்பனேட் அமிலத்தில் விழும்போது கார்பானிக் அமிலமாகி, தன் பிகேஏ 6.35-இன் அருகில் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. அதுதான் அந்தத் தோள். பினாப்தலீன் நிறங்காட்டி போட்டிருந்தால் இளஞ்சிவப்பு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். இன்னொரு சொட்டு விட்டால் வரும், மறுபடி மங்கும்.

உறுதிசெய்ய ஒரே அமிலத்தை இருமுறை டைட்ரேட் செய்யுங்கள், ஒன்று மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியுடன், ஒன்று பினாப்தலீனுடன். சுத்தமான காரம் என்றால் இரண்டும் ஒரு சொட்டு வித்தியாசத்துக்குள் வரும். பினாப்தலீனுக்கு அதிகம் செலவானால் காரத்தில் கார்பனேட் இருக்கிறது. கொஞ்சம் காரத்தில் பேரியம் குளோரைடு விட்டு, வெண்மையாகக் கலங்குகிறதா என்றும் பார்க்கலாம்.

காரம் சுத்தம், தோள் மட்டும் இருக்கிறது என்றால் கார்பன் டைஆக்சைடு நீரில்தான். காற்றுப்பட்ட காய்ச்சி வடித்த நீரின் பிஎச் 5.6 அருகில் நிற்பது இதனால்தான். நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். காரத்தைப் புதிதாகத் தயாரிக்கும்போது எடையில் பாதிக்குப் பாதி சோடியம் ஹைட்ராக்சைடு கொண்ட அடர்கரைசலாகக் கரைத்து ஓரிரு நாள் வையுங்கள். அந்த அடர்த்தியில் கார்பனேட் கரையாமல் அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, கொதித்து ஆறிய நீரில் நீர்க்கச் செய்து, பிளாஸ்டிக் புட்டியில் இறுக மூடுங்கள். அடர்கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கரைக்கும்போது கடுமையாகச் சூடேறும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம்.

பீக்கரில் இருப்பதே பலபடி அமிலம் (ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது) என்றால் இரண்டாவது படி இயல்பானது. பாஸ்பாரிக் அமிலத்தின் பிகேஏக்கள் 2.15, 7.20, 12.35, பாய்ச்சல்கள் 4.7-க்கும் 9.8-க்கும் அருகில் இரண்டு. மூன்றாவது தெரியாது, 12.35 என்பது காரத்தின் சொந்த பிஎச்சோடு கலந்துவிடுவதால். இதேபோல் சல்பூரிக் அமிலத்தில் இரண்டு எதிர்பார்த்து ஒன்றுதான் வந்தது என்றால் அதுவும் சரியே. சிட்ரிக் அமிலத்தின் மூன்று பிகேஏக்களும் நெருக்கமாக இருப்பதால் கடைசியில் ஒரே பாய்ச்சல்தான். சோடியம் கார்பனேட்டை அமிலத்தால் டைட்ரேட் செய்தால் 8.3-இல் ஒன்று, 4-க்கு அருகில் ஒன்று. இரண்டாவது மங்கலாக இருந்தால் கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவை விரட்டி, ஆறவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி 6: நிறம் மாறிய இடமும் வளைவு சொல்லும் இடமும் ஒத்துப்போகவில்லை

நிறங்காட்டியை மாற்றுங்கள். மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரை, புரோமோதைமால் ப்ளூ 6.0 முதல் 7.6 வரை, பினாப்தலீன் 8.2 முதல் 10 வரை நிறம் மாறும். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால், வளைவு படுத்திருக்கும் தாங்கல் பகுதியிலேயே நிறம் மெல்ல மெல்ல மாறி முடிந்துவிடும். அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யும்போது சமானப் புள்ளி 5.3 அருகில்; மெத்தில் ரெட் பொருந்தும், பினாப்தலீன் பொருந்தாது.

அறிகுறி 7: பாதிப் புள்ளியில் வாசித்த பிகேஏ புத்தகத்தோடு ஒத்துவரவில்லை

சமானப் புள்ளிக்கான காரத்தில் பாதியை விட்ட இடமே பாதிப் புள்ளி; அங்கே வரும் பிஎச்தான் பிகேஏ. அசிட்டிக் அமிலத்துக்கு 4.76-க்குப் பதில் 4.7 வந்தால் விட்டுவிடுங்கள். கரைசலில் உள்ள அயனிகளால் அந்த அளவு இறக்கம் வருவது இயற்கை. 4.4 அல்லது 5.1 வந்தால் சீரமைப்பைப் பாருங்கள், ஏனென்றால் இது உயரம் சார்ந்த அளவு. காரத்தின் செறிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை: பாதிப் புள்ளியை உங்கள் வளைவின் சமானப் புள்ளியிலிருந்தே எடுப்பதால் அந்தத் தவறு தானாகக் கழிந்துவிடும். பாதிக் கன அளவை 12.5 என்று மனக்கணக்காகப் போடாமல், பாய்ச்சல் 26.3-இல் வந்திருந்தால் 13.15-இல் வாசியுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

மீட்டரையும் எலக்ட்ரோடையும் பிரித்துச் சோதியுங்கள். எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டு, மீட்டரின் உள்ளீட்டில் நடு ஊசித்துளையையும் வெளி வளையத்தையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். மில்லிவோல்ட் எண் பூஜ்யத்தை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நலம், எலக்ட்ரோடை மாற்றுங்கள். அலைந்தாலோ வேறு எங்கோ நின்றாலோ கோளாறு மீட்டருக்குள். அதைத் திறக்காதீர்கள். அதன் உள்ளீட்டுச் சுற்று விரல் ஈரம் பட்டாலே கெடும் அளவுக்கு உயர்மின்தடை கொண்டது. 4.00, 7.00 பஃபர்களில் வந்த மில்லிவோல்ட் எண்களையும், கம்பி இணைத்தபோது வந்த எண்ணையும் ஒரு தாளில் குறித்து மீட்டரோடு சேர்த்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தானியங்கி டைட்ரேட்டரில் பாய்ச்சல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து, குழாயில் குமிழியும் இல்லை என்றால், பிஸ்டனின் உறை தேய்ந்திருக்கலாம். அதையும் அவரே மாற்றித் தரட்டும்.